ஆன்டிபாடியை முதலில் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பி53 என்ற புரதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். டிஎன்ஏ பழுதான செல்லைப் பெருகவிடாமல் தடுக்கிற புரதம் இது, 1979-ல் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் இதை மட்டும் பிடித்துக் காட்டுவதற்குத்தான் ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதம். சுண்டு விரல் அளவு குப்பி, அதில் சில சொட்டு, விலை பல ஆயிரம் ரூபாய்.

போன சித்திரையில் எங்களுக்கு வந்த பெட்டியில் ஐஸ் முழுக்க உருகிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதையே போட்டோம். ஆன்டிபாடி பிடித்த புரதம் அதன் எடைக்கேற்ற இடத்தில் கோடாகத் தெரியும். பி53-க்கு உரிய 53 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கம் ஒரு கோடு, அப்புறம் சம்பந்தமில்லாத இடங்களில் மூன்று. நம் கைப்பிழைதான் என்று மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் பி53 இல்லாத எச்1299 என்ற ஆய்வகச் செல்லில் போட்டால் அங்கேயும் அதே நாலு கோடு! அப்படியானால் ஆன்டிபாடி பிடித்தது பி53-ஐயே அல்ல. அந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஊரில் பெரியம்மா, "எனக்கும் ஏதாவது நோய் இருக்கானு அந்த ஆன்டிபாடியில பாத்துச் சொல்லு கண்ணு" என்கிறார். முடியாது, குப்பியிலேயே ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்டிருக்கும், நோயைக் கண்டறிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

கோவை, ஈரோடு, சேலம் கல்லூரிகள் சேர்ந்து, எந்த ஆன்டிபாடி எந்தச் செல்லில் சரியாக வேலை செய்தது, எது செய்யவில்லை என்று ஒரு பொதுப் பட்டியல் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பணமும் மாதக்கணக்கான உழைப்பும் மிஞ்சும். பேராசிரியர்கள் யாராவது இதை முன்னெடுங்கள், வேலை செய்ய நாங்கள் வருகிறோம்.

ஆராய்ச்சி மாணவி, கோவை