மீதிப் பத்து மூடையும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பேப்பரில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வருகிற நாளில் எங்கள் ஊர்க் கடையில் காலை எட்டு மணிக்கே எல்லாம் முடிந்துவிடும். நானும் ஓடிப்போய் வாங்குகிறவன்தான், அதனால் வசனக் கணக்கைப் பற்றி நான் எழுதுகிற இதைக் குறையாக எடுக்கவேண்டாம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். பின்னேரத்தில் அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள், காசு வாங்குவதில்லை, ஆகவே ரியூசன் என்றும் சொல்லமுடியாது. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். வசனக் கணக்கு என்றதும் முகம் மாறிவிடும்.

போன கிழமை இதைக் கொடுத்தேன்: உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு நடைக்கு 38 மூடை ஏற்றலாம், வயலில் 200 மூடை இருக்கிறது, ஆலைக்குக் கொண்டுவர எத்தனை நடை? ஒரு பொடியன் ஒரு நிமிடத்தில் கொப்பியை நீட்டினான். ‘5 நடை, மீதி 10.’

“தம்பி, அந்தப் பத்து மூடையும் எங்கை?”

“அது மீதி, மாமா.”

“மழை வருது. வயலிலையே விட்டிட்டு வாறதோ?”

அவன் முழிசினான். பக்கத்தில் இருந்த பிள்ளை, தகப்பன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர், சிரித்துவிட்டுச் சொன்னாள்: “ஆறு நடை மாமா. ஆனா எங்கடை அப்பா எண்டால் ஒவ்வொரு நடையிலையும் ரெண்டு மூடை கூடப் போட்டு அஞ்சிலையே முடிச்சிடுவார், டீசல் மிச்சம்.” உடனே இன்னொருவன், “ரயர் தாங்காது” என்றான். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒரே சண்டை, 40 மூடை ஏற்றலாமா கூடாதா, வீதி எப்படி, ரயர் பழசா புதுசா. நான் வாயே திறக்கவில்லை. விறாந்தையில் அன்றைக்குத்தான் கணிதம் நடந்தது என்று எனக்குப் பட்டது.

இது எங்கள் பிள்ளைகளின் குறை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடளாவிய மதிப்பீடு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: ஒரு பஸ்ஸில் 36 படையினர் ஏறலாம், 1,128 பேரைக் கொண்டுபோக எத்தனை பஸ் வேண்டும்? (எங்கள் ஊரில் வேறு எதையாவது ஏற்றிக் கேட்கலாம்.) வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் 70 வீதம் அளவில். 32 என்று சரியான விடை சொன்னவர்கள் 23 வீதம்தான். 29 வீதமானவர்கள் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள்.

எங்கே பிழைக்கிறது என்றால், ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு’ என்று நாங்களே குறுக்குவழி சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு ‘அண்ணனிடம் 12 மாங்காய், அது தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம், தங்கையிடம் எத்தனை?’ என்று கேட்டால் பிள்ளை 17 என்று எழுதாமல் என்ன செய்யும்? அது வாசிக்கவில்லை, சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறது. என் மகள் ஒருமுறை படம் கீறி விடை கண்டுபிடித்தாள், விடை சரி, ‘செய்கை இல்லை’ என்று சிவப்புப் பேனையால் வெட்டி வந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்ல வரவில்லை. குறுகிய பாடவேளை, முடிக்கவேண்டிய அலகுகள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் எங்கே?

இப்போது நான் செய்கிறது சின்ன வேலை. எண்ணை எல்லாம் மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன். ‘வயலில் நெல் மூடை கிடக்கிறது, ஒரு பெட்டி இருக்கிறது, மழை இருட்டுது. என்ன கேட்கலாம்?’ எத்தனை நடை, எவ்வளவு டீசல், இருட்ட முதல் முடியுமா என்று கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது. அப்புறம்தான் எண்ணைக் கொடுப்பேன், அதுவும் அவர்கள் கேட்டால்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாணவர் பக்கத்தில் 40 கேள்வி போடுகிற இடத்தில், கிழமைக்கு ஒரு மூலையில் ஒரே ஒரு வசனக் கணக்குப் போடுங்கள், தெரிவுசெய்ய விடைகள் போடவேண்டாம். பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்று எழுதி அனுப்பட்டும், பிழையாக யோசித்ததையும் அடுத்த கிழமை அச்சடியுங்கள்.

முதல் கணக்கை நானே தருகிறேன், ஆலையில் தினமும் பார்க்கிறது. அறுவடை முடிந்த 100 கிலோ நெல்லில் 20 வீதம் ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரம் வரை எடுக்கும் என்று அதைத் தார் வீதியில் காயப்போடுகிறோம். 14 வீதத்துக்கு வந்ததும் அள்ளி நிறுத்தால் தராசில் எத்தனை கிலோ? 94 என்று எழுதுகிறவர்களிடம், பெரியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, ‘எதனுடைய 14 வீதம்?’ என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.

நெல் ஆலைக் கணக்கர்,
கிளிநொச்சி மாவட்டம்.