கத்திரிக்காய வரைஞ்சி காட்டு மாப்ள, அப்புறம் பிரஷ் பேக் வாங்கலாம்

மாப்ள,

நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ காலைல ஸ்டுடியோ தொறக்கும்போது தான் கேட்டேன். "பென் டேப்லெட் வாங்கி மூணு மாசம் ஆவுது மாமா, ஒரு வட்டம் கூட ஒழுங்கா வரமாட்டேங்குது, நல்ல பிரஷ் பேக் காசு குடுத்து வாங்கட்டா?" பிரஷ் பேக்னா பை இல்ல, கம்ப்யூட்டர்ல வரையறதுக்கு ரெடிமேடா விக்கற பிரஷ் தொகுப்பு. வாட்ஸப்லயே பதில் போட ஆரம்பிச்சேன், அது ரயில் மாதிரி நீண்டுகினே போச்சு, உன்ன மாதிரி இன்னும் நாலு பசங்க இதையே கேக்கறாங்க, சரி எல்லாருக்குமா இருக்கட்டும்னு இங்கயே எழுதறேன்.

மொதல்ல அந்த வட்டம். அதுல உன் கை மேல தப்பு இல்லாமயும் இருக்கலாம். டேப்லெட் செட்டிங்ஸ்ல போய் ஏரியா எவ்ளோன்னு பாரு. உன் ஸ்கிரீன் 16:9, அதாவது அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு, டேப்லெட்டு வேற அளவுல இருந்துதுன்னா நீ வட்டம் போட்டாலும் ஸ்கிரீன்ல முட்டை தான் வரும். ரெண்டையும் ஒரே விகிதத்துக்கு மாத்திடு, அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் மணிக்கட்ட மட்டும் ஆட்டி கோடு போடாத, தோள்லர்ந்து கைய வீசு.

அதுக்கப்புறமும் படம் சரியா வரலன்னா கோளாறு கையில இல்ல, கண்ணுல.

நான் கேமரா தூக்கறதுக்கு முன்னாடி விளம்பர போர்டு எழுதற ஒரு வாத்தியார்கிட்ட வேலை செஞ்சது உங்க அம்மாவுக்கு தெரியும், உனக்கு தெரியாது. மொத ஒரு வருஷம் பிரஷ்ஷே தரல மனுஷன். தகரத்த தேய்க்கறது, நேர்கோட்டுக்கு நூல் அடிக்கறது, சின்ன போட்டோ மேல கட்டம் போட்டு அதே கட்டத்த பெருசா போர்டுல போடறது, இது தான் வேலை. எனக்கு அப்ப செம கடுப்பு. ஆனா அந்த கட்டத்துல தான் விஷயமே இருந்துது. ஒரு கட்டத்துக்குள்ள இருக்கறது மூக்கா காதான்னு தெரியாது, ஒரு வளைவு இருக்கும், ஒரு கருப்பு திட்டு இருக்கும், அத அப்படியே தூக்கி அங்க வைப்ப. மூக்குன்னு தெரிஞ்சிட்டா போச்சு, மனசுல இருக்கற மூக்க வரைஞ்சிடுவ. நீ அனுப்பின பாட்டி படத்துல கண்ணு ரெண்டும் நெத்தியில ஏறி உக்காந்துகினு இருக்குது பாரு, அது இதனால தான். உச்சந்தலைலர்ந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு கிட்டத்தட்ட பாதில தான் வரும், ஸ்கேல் வச்சி பாட்டியவே அளந்து பாரு, திட்டுவாங்க, பரவால்ல.

இன்னொன்னு அவரு சொல்லிகினே இருப்பாரு, "கண்ண சுருக்குடா". பாதி கண்ண மூடி பாத்தா சின்னச் சின்ன விவரமெல்லாம் கரைஞ்சி வெளிச்சம், நடுத்தரம், இருட்டுன்னு மூணு திட்டு மட்டும் நிக்கும். படத்த தாங்கறது அந்த மூணு தான்.

இத எங்க பழகறது? உங்க வீட்டு கூடையில முள்ளு கத்திரிக்காய் இருக்கும், நம்ம வேலூர் மாவட்டத்து இலவம்பாடி காய், 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கிச்சே, அதுல ஒண்ணு எடு. அம்மா கொழம்புக்கு நறுக்கறதுக்கு முன்னாடி எடுத்துடு. ஜன்னல் பக்கம் டேபிள்ல வை, ட்யூப்லைட்ட அணைச்சிடு, வெளிச்சம் ஒரே பக்கத்துலர்ந்து வரணும். இப்ப பாரு. ஜன்னல் பக்கம் தோல் மேல ஒரு வெள்ளப் புள்ளி மின்னும், ஜன்னலோட சின்ன பிம்பம் தான் அது, உத்துப் பாத்தா கம்பி கூட தெரியும். அதுலர்ந்து நகர நகர ஊதா அடர்த்தியாகும். எல்லாரும் இன்னா நெனைப்பாங்கன்னா, ஓரம் தான் ரொம்ப இருட்டுன்னு. இல்ல. இருட்டு ஓரத்துக்கு கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சிடும், ஓரத்துல மெல்லிசா மறுபடி வெளிச்சம் ஏறும், டேபிள்லர்ந்து எகிறி வர வெளிச்சம் அது. அந்த மெல்லிசு பட்டைய விட்டுட்டா காய் தட்டையா போயிடும், வச்சிட்டா உருண்டுகினு வந்துடும். கீழ விழற நிழலும் காயைத் தொடற எடத்துல கருப்பா கூர்மையா இருக்கும், தள்ளிப் போகப் போக மங்கும். காம்பு முள்ளெல்லாம் கடைசில. HB பென்சில் ஒண்ணு, 4B பென்சில் ஒண்ணு, ஒரு சாதா நோட்டு புக்கு, இவ்ளோ போதும். ஒரே காய வாடற வரைக்கும் தினம் வரை.

டேப்லெட்ல பண்ணாலும் இதே தான். கிரிட்டான்னு ஒரு வரையற சாஃப்ட்வேர், இலவசம், அதுல இருக்கற பிரஷ்ஷே உன் ஆயுசுக்கும் தாங்கும். கலர் போட்டப்புறம் எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு அடுக்கு, போட்டு கருப்பு ரொப்பி, பிளெண்டிங் மோட (அந்த லேயர் கீழ இருக்கறதோட கலக்கற விதம்) 'கலர்'னு மாத்து, படம் கருப்பு வெள்ளையா தெரியும். அதுல காய் உருண்டையா தெரியலன்னா கலர் மேல கலர் அடிச்சி ஒண்ணும் ஆவப் போறதில்ல. பிரிண்ட் போடறதுன்னா மொதல்லயே A4க்கு 2480 × 3508 பிக்ஸல்னு தொடங்கு, அது 300 டிபிஐ, இன்ச்சுக்கு 300 புள்ளி. ஸ்கிரீன்ல பளபளன்னு மின்னற அந்த பச்சைய நம்பாத, மெஷின் மை வேற, சொந்தக்காரர் வீட்டு காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு நான் போட்ட கிளிப்பச்சை பாசி கலர்ல வந்து நின்னுது, இன்னிக்கும் அத சொல்லி சிரிக்கறாங்க.

கேமரா பத்தியும் கேட்டிருந்த. அதுவும் வெளிச்சத்த அளக்கற வேலை தான். மூணு குழாய்னு வச்சிக்கோ: அபர்ச்சர் (லென்ஸ் ஓட்டை, f நம்பர் ஏறினா ஓட்டை சின்னதாகும்), ஷட்டர் (எவ்ளோ செகண்டு தொறந்திருக்குன்னு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்ளோ பெருக்கிக் காட்டணும்னு). f/4லர்ந்து f/5.6க்கு போனா வெளிச்சம் பாதி, ஷட்டர் 1/60 செகண்டுலர்ந்து 1/125க்கு போனாலும் பாதி, ஐஎஸ்ஓ 400லர்ந்து 800 வச்சா படம் ரெண்டு மடங்கு பிரகாசம். ஒண்ண கொறைச்சா இன்னொன்ன ஏத்தணும், அவ்ளோ தான் கணக்கு. நம்ம ஊரு மத்தியான வெயில்ல வெளிச்சம் அளக்கற மீட்டரே தேவையில்ல, f/16 வச்சி ஐஎஸ்ஓ 100னா ஷட்டர் 1/100 கிட்ட, சரியா இருக்கும். என் மொத கல்யாண ஆர்டர்ல இத எவனும் சொல்லித் தரல. மண்டபத்துல மங்கின லைட்டு, படத்துல புள்ளி புள்ளியா வரும்னு பயந்து ஐஎஸ்ஓ ஏத்தாம 1/30ல அடிச்சேன். தாலி கட்டற கை ரெண்டும் புகை மாதிரி வந்துது. பொண்ணோட அப்பா ஆல்பத்த பொரட்டிகினே வந்து அந்த பக்கத்துல நின்னாரு, ஒண்ணும் சொல்லல, மூடி வச்சிட்டாரு. பாக்கி துட்ட நானும் கேக்கல. புள்ளி வந்தா வந்துட்டு போவுது மாப்ள, கை அசைஞ்சா திரும்ப வராது.

அப்புறம் மூஞ்சிய போன்ல கிட்ட வச்சி எடுத்து அது மேல டிரேஸ் பண்றியே, அந்த லென்ஸு அகலமானது, அவ்ளோ கிட்ட போனா மூக்கு பெருசாவும் காது பின்னாடி ஓடும். தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடு. டிரேஸ் பண்றதே பாவம்னு நான் சொல்ல மாட்டேன், கட்டம் போட்டவன் தானே நானு. ஆனா போட்டோ பண்ற தப்பையும் சேத்து காப்பி அடிக்காத.

வேலூர்னாலே தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு கிண்டல் பண்ணுவாங்க இல்ல, வரையறவனுக்கு அந்த மொட்ட மலை தான் வரப்பிரசாதம். காலைல வெயில் சைடுலர்ந்து விழும்போது ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வெளிச்ச முகம், ஒரு இருட்டு முகம் தனித்தனியா தெரியும், மரம் இருந்தா எல்லாத்தையும் மூடிடும். பத்து மணிக்கு மேல போனா மொத்தமும் வெளுத்து தட்டையா கெடக்கும், கறிக்கடை தராசு தட்டு மாதிரி.

ஞாயித்துக்கெழம ஆறரைக்கெல்லாம் கோட்டைக்கு வந்துடு. அகழி ஓரமா நின்னா மதில் தூரமா போகப் போக மேல் கோடு எறங்கும், கீழ் கோடு ஏறும், ரெண்டும் உன் கண்ணு உயரத்துல போய் சேரும். நின்னுகினு ஒண்ணு வரை, அப்புறம் தரையில ஒக்காந்து அதையே வரை, அந்த உயரமும் உன்கூடவே எறங்கி வரும். உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல தூணுல இருக்கற யாளிய பாத்துட்டு வரலாம், அத வரைய ஆசைப்படாத, அதுக்கு இன்னும் நாளு கீது.

டேப்லெட்ட வீட்ல வச்சிட்டு வா. அந்த கத்திரிக்காய் நோட்ட மட்டும் எடுத்துகினு வா, கேவலமா இருந்தாலும் கிழிக்காம. டிபன் நான் வாங்கித் தரேன், அம்மாகிட்ட சொல்லிடு.

மாமா