மக்கர் பண்ணும்போதே பிடி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மலர்,

கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகாமல் ரோட்டில் நின்றுவிடுகிறது, மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார் என்று ராத்திரி போனில் நீ சொன்னதைக் கேட்டபிறகு தூக்கம் வரவில்லை. எழுதி அனுப்பினால் வண்டியிலேயே வைத்துக்கொள்வாய் என்றுதான் இதை எழுதுகிறேன். ரோட்டில் நிற்கும்போது எனக்குப் போன் போட்டு, நான் எடுத்து, இருவரும் கத்தி, அதெல்லாம் வேண்டாம்.

முதலில் ஒன்று. பேட்டரியை இப்போதைக்கு மாற்றாதே. மைசூரில் அந்த மெக்கானிக் கடையில் போய் நின்றதும் வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றாய். அப்படியிருக்க, அவர் எதைப் பார்த்துப் பேட்டரி என்று சொன்னார்? பழுதே இல்லாத நேரத்தில் பார்த்தால் யாராலும் ஊகம்தான் சொல்ல முடியும். அடுத்து எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் என்பார், அதற்கடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். வந்து வந்து போகிற பழுதை அது வந்திருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். அந்த நேரத்தில் அங்கே இருக்கப்போவது நீ மட்டும்தான். அதனால் பார்க்க வேண்டியவளும் நீதான்.

அடுத்த முறை நிற்கும்போது பதற்றத்தில் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாதே. ஒரே தடவை திருப்பி, காதைக் கொடுத்துக் கேள். எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. ‘ஸ்டார்ட் ஆகல’ என்று நீ ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு வேறு நோய்.

சுற்றவே இல்லை என்றால் சத்தத்தைக் கவனி. ‘டிக்டிக்டிக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையில் கேபிள் மாட்டும் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலனாய்டு, செல்ஃப் மோட்டார், அல்லது தடி கேபிள்கள். சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்), ஃப்யூஸ் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார். வெளிச்சம் செத்துப்போனால் முதல் சந்தேகம் பேட்டரி மேல், அடுத்தது டெர்மினல் மேல். வெளிச்சம் அப்படியே நின்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பஜார் தெருவுக்குப் பின்னால் கடை வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்து எங்காவது வண்டியை அணைத்தால் போதும், மறுபடி ‘டக்’. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். உன் அப்பா இரண்டாவது கியரில் என்னை உட்கார வைத்துப் பின்னாலிருந்து தள்ளுவார். ஆளாளுக்குப் பேட்டரி என்றார்கள். இந்த மனுஷன் பானெட்டைத் திறந்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, “இப்பத் திருப்புங்கம்மா” என்றார். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நன்றாக இருந்தால் அந்த இடத்தில் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது! எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிள் வழிவிடாததால், மோட்டார் இழுக்கும் கரண்ட் அந்தச் சின்னக் கம்பி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கேபிளைக் கழற்றினால், போல்ட் உட்காரும் வளையத்துக்கு அடியில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினார். வேலை அவ்வளவுதான்.

உன்னுடையதும் அதே எர்த் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2004 மாடல் மாருதி ஜென்னில் வயர்களுக்கு வயசாகிவிட்டது. பொருளை மாற்றுவதற்கு முன்னால் ஜாயின்ட்டுகளைப் பார்ப்பது செலவில்லாத காரியம். டெர்மினலைக் கழற்றினால் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீர் போதும், பேட்டரிக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்.

‘டக்’ மட்டும் வந்து வெளிச்சமும் குறையவில்லை என்றால் இன்னொன்று செய்யலாம். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, பக்கத்தில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் மோட்டார் உடம்பில் ஸ்பானரால் லேசாகத் தட்டு. கை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. தட்டியதும் எடுத்தால் உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வீடு வந்து சேரத்தான் அது உதவும், மறுநாளே கழற்றக் கொடுத்துவிடு.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் கதையே வேறு. அங்கே பேட்டரிப் பேச்சே வேண்டாம், தள்ளியும் பெரும்பாலும் பிரயோஜனமில்லை. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃப்யூஸ். சத்தம் வந்தும் பற்றவில்லை, அதுவும் வண்டி சூடாக இருக்கும்போது மட்டும்தான் என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் சென்சார் மேல் சந்தேகப்படு. சூட்டில் செத்து ஆறியதும் பிழைக்கிற சென்சார்கள் உண்டு. மழையில் மட்டும் என்றால் பிளக் வயர் பக்கம்.

ஆக, ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் குறித்து வை: சூடா ஆறியதா, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, என்ன சத்தம், பிறகு எதைச் செய்ததும் எடுத்தது. மெக்கானிக்கிடம் ‘பேட்டரி போச்சு’ என்று நீயே தீர்ப்புச் சொல்லாமல் இந்தச் சீட்டைக் காட்டு. “கூட சார் வரலையா மேடம்?” என்று கேட்கிற ஆளாக இருந்தால் வேறு கடைக்குப் போ. முடிந்தால் வண்டி மக்கர் பண்ணும் நேரத்திலேயே அவரை அங்கே கூட்டிவா. கூலி கூடக் கேட்டாலும் பரவாயில்லை.

எஸ்.பி. ரோடில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், அப்பா கிண்டிய புளிக்காய்ச்சலோடு கூரியரில் வருகிறது. தனித்தனியாகத்தான் கட்டியிருக்கிறேன், பயப்படாதே. குமிழை டி.சி. 20 வோல்ட்டில் வை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். சாவியைத் திருப்பும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கடையில் டெஸ்ட் பண்ணச் சொல். எஞ்சின் ஓடும்போது 14 வாக்கில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. ஆம்ப் குறியில் வைத்துப் பேட்டரியைத் தொட்டுவிடாதே, மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். எதற்கும் ஒரு ஃப்யூஸ் கூடுதலாக டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா