ஹாரன் அடிக்கலன்னா மிஷினை எடுக்க விடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜேசிபி, பொக்லைன், டிப்பர்னு கனரக வண்டிகளுக்கு எலெக்ட்ரிகல் வேலை பாக்குறவன் நான். உங்க பத்திரிகையில இஞ்சின், ஹைட்ராலிக், டீசல் சிக்கனம் பத்தியெல்லாம் நிறைய வருது, ஹாரன் பத்தி மட்டும் ஒரு வரிகூட வந்து பாக்கல, அதான் எழுதுறேன்.

சைட்ல ஹாரன் அடிக்கலன்னா உடனே கடைக்கு ஆள் அனுப்பி புதுசு வாங்கி மாட்டிடுறாங்க, கொஞ்ச நாள்ல அதுவும் ஊமையாயிடுது. கழட்டிப் போட்ட பழசை எடுத்து பேட்டரியில நேரா கொடுத்துப் பாருங்க, பாதிக்கு மேல நல்லாத்தான் கத்தும். கோளாறு எர்த்லயோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழி) ஒயர்லயோ இருக்கு. பிராக்கெட் வழியா பாடி எர்த் எடுக்குற மிஷின்ல போல்ட்டுக்கு அடியில துரு ஏறிட்டாலோ, பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்தையும் சேத்து அடிச்சுட்டாலோ கரண்ட் திரும்ப வழியே இல்ல. உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்கினா சரியாயிடும், காசே ஆகாது.

பொக்லைன்ல ஹாரன் பட்டன் லீவர் தலையிலயே இருக்கும். ஆபரேட்டர் நாள் பூரா லீவரை ஆட்டிக்கிட்டே இருக்குறதால லீவரை மூடியிருக்குற ரப்பர் உறைக்குள்ள ஒயர் மடங்கி மடங்கி செம்புக் கம்பி அறுந்துபோகும், மேல இன்சுலேஷன் முழுசா இருக்குறதால கண்ணுக்குத் தெரியாது. லீவரை ஒரு பக்கம் தள்ளினா அடிக்கும், இன்னொரு பக்கம் தள்ளினா அடிக்காது, அப்படி இருந்தா ரிலேவை (ஹாரனுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) மாத்தி புண்ணியமில்ல, ஒயரைத்தான் மாத்தணும்.

அப்புறம் வாட்டர் வாஷ். ஹாரன் வாய்க்குள்ளயே பிரஷர் கன்னைக் காட்டுறாங்க. கிரஷர் தூசி தண்ணியோட சேந்து உள்ள இறுகிட்டா அதிர்ந்து சத்தம் போடுற டயாபிரம் தகடு அசையாது. வாய் கீழ பாத்த மாதிரி மாட்டினா தண்ணி தானா வடிஞ்சுடும். இன்னொண்ணு, 20 டன் பொக்லைன் 24 வோல்ட், அதுல அவசரத்துக்கு 12 வோல்ட் கார் ஹாரனை மாட்டினா கொஞ்ச நேரம் பயங்கரமா கத்திட்டு காயில் எரிஞ்சுடும்.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் ரிவர்ஸ் ஹாரன் விஷயத்துலதான். ராத்திரி வேலையில அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்கன்னு ஒயரைப் பிடுங்கி விட்டுடுறாங்க, காலையில யாரும் திரும்ப மாட்டுறதில்ல. 1998-ல வந்த கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள்லயே மண் அள்ளுற மிஷினுக்கு ரிவர்ஸ் அலாரம் இருக்கணும்னு சொல்லியிருக்கு. ஆபரேட்டருக்குத் தெரியாத பின்பக்கம் சித்தாள் பொம்பளைங்க சும்மாடு கட்டி சட்டி தூக்கிட்டுப் போறாங்க, மிக்ஸர் ஓடுற இரைச்சல்ல வண்டி பின்னாடி வர்றது அவங்களுக்கு வேற எப்படித் தெரியும்? பீப் பீப்புக்குப் பதிலா உஸ்ஸுனு இரையுற அலாரம் இப்ப கிடைக்குது, கிட்ட இருக்குறவங்களுக்கு நல்லா கேக்கும், தூரத்து வீடுகளுக்கு அவ்வளவு தொந்தரவு இல்ல. அதை மாட்டலாமே.

வாடகை மிஷின்னா லாக் ஷீட்ல டீசல், ஹவர் மீட்டர் ரீடிங் எல்லாம் விடாம எழுதுறாங்க. அதுலயே ஹாரன், ரிவர்ஸ் ஹாரன்னு ரெண்டு கட்டம் போட்டு, தினமும் சாவி போட்டதும் அடிச்சுப் பாத்து ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் கையெழுத்து போடணும்னு கான்ட்ராக்டர்கள் கண்ணுல படுற மாதிரி நீங்க ஒரு கட்டுரை போடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
கனரக வண்டி எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
சேலம் மாவட்டம்