தாத்தா ரேடியோவை நீ எடுத்துப் போவதென்றால்

அன்புள்ள ராசா,

போனில் நீ கேட்டபோது அடுப்பில் பால் இருந்தது, அவசரத்தில் "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். தாத்தா ரேடியோவை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோகலாமா, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு ப்ளூடூத் போர்டு ஒன்று வைத்தால் கனம் குறையுமே என்றாய். தாராளமாகக் கொண்டுபோ. கழற்ற மட்டும் வேண்டாம். அது இப்போது பாடுகிறது.

பின் அட்டையைத் திறந்தபோது முதலில் கொட்டியது பல்லி முட்டை ஓடும் ஒட்டடையும்தான். பாகங்களைத் தாங்கும் தகரச் சட்டமான சேசிஸ் முழுக்கத் துரு. தூத்துக்குடி உப்புக் காற்று சீலிங் ஃபேனையே தின்கிறது, இதை விட்டுவைக்குமா? அதற்கு முன்பு ஒரு கடையில் காட்டினேன். "அக்கா, கண்டன்சர் எல்லாம் போயிருக்கும், ஸ்பேர் கிடைக்காது, பெட்டியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கண்டன்சர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். அவர்கள் சொன்னதில் முதல் பாதி உண்மை. சொல்லிக்கொண்டே பிளக்கைச் சுவரில் சொருகப் போனார்கள், நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பல வருஷம் தூங்கிய வால்வ் செட்டுக்கு, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களால் ஓடும் ரேடியோவுக்கு, நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால், காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சர் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வால்வ் தேடினால் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

பாலிடெக்னிக் லேபில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே சீரிஸ் பல்பைத்தான் இங்கேயும் போட்டேன். ரேடியோவுக்குப் போகும் ஒயரின் நடுவில், கரண்ட் தன் வழியாகவே போகும்படி மாட்டிய 60 வாட் குண்டு பல்பு. வால்வுகளை உருவிவிட்டுக் கரண்ட் கொடுத்தால் பல்பு எரிவதே தெரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். நம் செட்டில் எரியவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் நல்லபடியாக இருந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாற்றியது என்னென்ன என்று கேட்பாய். ஃபில்டர் கண்டன்சர் இரண்டும், மெழுகு வடிந்து கிடந்த பேப்பர் கண்டன்சர்கள் எல்லாமும். அவற்றில் ஒன்று முக்கியம்: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான இ.எல்.84-இன் கிரிட்டுக்கு, அதாவது வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, போகும் 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். அது கசிந்தால் முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் கிரிட்டில் ஏறும். மைனஸாகவோ பூஜ்ஜியமாகவோ இருக்க வேண்டிய இடம் பிளஸ் ஆகும், வால்வ் அளவுக்கு மீறி இழுக்கும், உள்ளே பிளேட் சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பழைய ரேடியோக்கள் பாதி இப்படித்தான் செத்திருக்கும் என்பது என் கணக்கு. 630 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்று வாங்கிப் போட்டேன், அதற்குக் கொடுத்த காசில் ஒரு டீ குடித்திருக்கலாம். பழைய கண்டன்சரின் அட்டைக் கூட்டுக்குள் புதியதை ஒளித்து வைத்து, பார்ப்பவருக்குப் பழசு போலவே காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வேஷம் பிடிக்கவில்லை. மஞ்சளாகப் பளிச்சென்று தெரியட்டும். நாளைக்கு இதைத் திறக்கிறவருக்கு எது புதுசு என்று தெரிய வேண்டாமா?

டயல் நூல் அறுந்திருந்தது. சாதாரண நைலான் வழுக்கும். மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் தூண்டில் நூல் வாங்கினேன். டிரம்மைச் சுற்றி, கப்பிகள் வழியாக எடுத்துவந்து, ஸ்பிரிங்கில் கட்டி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. இருந்தாலும் இப்போது முள் பட்டுப் போல நகர்கிறது.

டயல் கண்ணாடியை நீ எந்தக் காலத்திலும் ஈரத்துணியால் துடைக்காதே. மதராஸ், கொழும்பு என்று எழுதியிருப்பது கண்ணாடியின் பின்பக்கம் பூசிய பெயின்ட். ஒரு துளி ஸ்பிரிட் பட்டால் கொழும்பு போய்விடும். தாத்தாவுக்கு அந்த இடம்தான் முக்கியம். உப்பளத்தில் கணக்கு முடித்துவிட்டு வந்ததும் இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது குரல் கேட்காமல் சாப்பிட உட்கார மாட்டார். நம் கடற்கரையில் சென்னையைவிட அதுதான் தெளிவாக விழும். வருஷத்துக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டித்தான் இதையெல்லாம் கேட்டார். தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்த புத்தகம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்.

மேல்பக்கம் விளக்கு வைத்த வட்டக் கறை இருக்கிறதே, அதைத் தேய்க்கவில்லை, பாலிஷும் போடவில்லை. நீயும் போடாதே.

இனி உன் ஊர் விஷயம். பின்னால் வோல்டேஜ் தகடு இருக்கிறது. இங்கே 240-இல் இருப்பதை அங்கே 127-க்குத் திருப்பு. உங்களுக்கு வருவது 120 என்பதால் 110-இல் வைத்தால் வால்வுகளுக்குத் தேவைக்கு மேல் போகும். நான் புதிதாகச் சேர்த்த ஃபியூஸ் அரை ஆம்பியர். வோல்டேஜ் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு, அதனால் அங்கே ஒரு ஆம்பியர் போடு. மீடியம் வேவ்தான் உங்களுக்கு ஏ.எம்., நியூயார்க் நிலையங்கள் கேட்கும். ராத்திரியில் தூரத்து நிலையங்களும் வரும். எல்.இ.டி. பல்பையும் போன் சார்ஜரையும் தள்ளி வை, இங்கே அவைதான் கரகரவென்று உயிரை எடுக்கின்றன.

பாட்டு உன் போனிலிருந்துதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி ரேடியோ செய்தவன் அன்றைக்கே வைத்திருக்கிறான். பின்னால் கிராமபோன் சாக்கெட் இருக்கிறது, அதில் ஒயர் கொடுத்தால் போன் பாட்டு இ.எல்.84 வழியாக வரும். இது டிரான்ஸ்ஃபார்மர் செட் என்பதால் தைரியமாகச் செய்யலாம். யு.சி.எச்., யு.எல். என்று வால்வ் பெயர் ஆரம்பிக்கும் செட்களில் சேசிஸிலேயே மெயின்ஸ் கரண்ட் நிற்கும், அவற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதே.

விமானத்தில் வால்வுகளைத் தனியாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் வை. எது எந்த சாக்கெட் என்று சேசிஸ் மேல் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சுவிட்ச் போட்டதும் சத்தம் வராது, பதறாதே. சூடேற அரை நிமிஷம் ஆகும். அணைத்த பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும், உள்ளே கை விடாதே.

ஒரே குறை, ஸ்டேஷன் சரியாக விழுந்தால் நிழல் சுருங்கி வெளிச்சம் விரியும் அந்தப் பச்சைக் கண் ரொம்ப மங்கிவிட்டது. வால்வ் பெயர் இ.எம்.80. இங்கே கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்கிறார்கள். நீ பொங்கலுக்கு வருவதற்குள் அங்கே பழைய சாமான் விற்கிறவர்களிடம் விசாரி. விலை ரொம்பச் சொன்னால் விட்டுவிடு, அது இல்லாமலும் பாடும்.

அம்மா