சத்தம் வரும் வழி லைட் ஓட்டைதான்

ஆசிரியருக்கு,

மேல்வீட்டுச் சத்தம் தாங்காமல் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, மேலே ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) என்று தாராளமாகச் செலவழிக்கிறார்கள். கடைசி நாளில் எலெக்ட்ரீஷியன் ஹோல்சாவோடு (வட்ட ஓட்டை போடும் ரம்பம்) வந்து, சீலிங்குக்குள் பதியும் டவுன்லைட்டுக்கு எட்டு ஓட்டை போட்டுவிட்டுப் போகிறார். போட்ட காசு அந்த ஓட்டை வழியாகவே போகிறது.

கணக்கைப் பாருங்கள். 10க்கு 12 அடி அறையில் சீலிங் 120 சதுர அடி. 4 அங்குல ஓட்டை எட்டும் சேர்ந்து 0.7 சதுர அடி, அதாவது 0.6 சதவீதம்கூட இல்லை. ஆனால் அவ்வளவு இடம் திறந்து கிடந்தால், எத்தனை கனமான போர்டு போட்டாலும் அந்தச் சீலிங் ஏறக்குறைய 22 டெசிபலுக்கு மேல் தடுக்காது. லைட்தான் ஓட்டையை அடைக்கிறதே என்பார்கள். மெல்லிய அலுமினியமும் பிளாஸ்டிக்கும் 25 மி.மீ. ஜிப்சத்துக்கு ஈடாகாது.

ஒவ்வொரு லைட்டுக்கும் தலைக்குமேல் ஒரு பெட்டி வேண்டும். அதே 12.5 மி.மீ. போர்டில் இரண்டு அடுக்காக, உள்ளளவு 12 அங்குலச் சதுரம், 6 அங்குல உயரம். மூலைகளில் இறுகிப்போகாத அக்ரிலிக் சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை) பூச வேண்டும், பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்தால் ஆறு மாதத்தில் மயிரிழை வெடிப்பு விடும். ஒயர் நுழையும் துளைக்கும் இதுவே. ஏற்றுமுன் செல்போன் டார்ச்சை எரியவிட்டு அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து, அறையை இருட்டாக்குங்கள். வெளிச்சம் ஒழுகுகிற இடத்தில் சத்தமும் ஒழுகும்.

போர்டைத் திருகும் இரும்புச் சேனல்கள் 18 அங்குல இடைவெளியில் ஓடுவதால், வெளியளவு 14 அங்குலமுள்ள பெட்டி நடுவே அமரும். ஆகவே லைட் எங்கே என்பதைச் சேனல் கட்டுமுன்பே எலெக்ட்ரீஷியனும் சீலிங் ஆளும் சேர்ந்து தரையில் சாக்பீஸால் குறித்தாக வேண்டும். பெட்டி கான்கிரீட்டைத் தொடக்கூடாது. எல்லாம் சேர்த்தால் அறையின் உயரத்தில் 9 அங்குலம் போகும்.

ராக்வுல் (50 மி.மீ., கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி) பெட்டிக்கு வெளியேதான். லைட் மேலேயே அமுக்கினால் லைட்டுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் வெந்துபோகும். அதிலுள்ள கெபாசிட்டரின் ஆயுள் கூடுகிற ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும். மூடிய பெட்டிக்குள் 6 வாட், மிஞ்சினால் 9 வாட் போதும். வாங்கும்போது ஸ்பிரிங் கிளிப் 25 மி.மீ. கனத்தைப் பிடிக்குமா என்று பாருங்கள். பல கிளிப்புகள் ஒற்றைப் போர்டுக்கென்று செய்தவை; இரட்டைப் போர்டில் லைட் தொங்கி, விளிம்பில் சந்து விழும்.

இத்தனையும் வேண்டாமென்றால் போர்டில் பெரிய ஓட்டை போடாமல், அதன் அடிப்பரப்பில் பொருத்தும் சர்ஃபேஸ் லைட் போடுங்கள். ஒயருக்கு 10 மி.மீ. துளை, அதில் சீலன்ட், முடிந்தது. அழகு கொஞ்சம் குறையும். படுக்கையறைக்கு அதுவே புத்திசாலித்தனம்.

சீலிங்கைத் தாங்கும் ஹேங்கரில் ரப்பர் இருக்க வேண்டும், வெறும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை மேல்தளத்து அதிர்வை அப்படியே இறக்கும். இரட்டைப் போர்டு, ராக்வுல், சேனல் சேர்ந்து மேற்சொன்ன அறைக்கே 240 கிலோ வரும். பிளாஸ்டிக் பிளக்கில் தொங்கவிடாமல் ஆங்கர் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். சுவர் ஓரத்தில் 5 மி.மீ. விட்டு சீலன்டால் நிரப்ப வேண்டும். ஃபேன் ராடு போர்டைத் தொடவே கூடாது.

தெர்மாகோலை மேலே பரப்பி 'சவுண்ட்புரூஃப்' என்று பில் போடுகிறவர்களும் உண்டு. அது எடையற்றது, சத்தத்தைத் தடுக்காது. போதாததற்குத் தீயும் பிடிக்கும்.

இவ்வளவு செய்தாலும் டிவி, பேச்சுச் சத்தம் குறையும் அளவுக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் குறையாது. அது சுவர், தூண் வழியாகவும் இறங்குகிறது. மேல்வீட்டு நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ், கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் மேட், இவற்றுக்கு சில நூறு ரூபாய்தான் ஆகும். சீலிங்குக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் இவற்றை வாங்கிக்கொண்டு ஒருமுறை மாடியேறிப் பாருங்கள்.

ஃபால்ஸ் சீலிங் ஒப்பந்ததாரர்,
மதுரை