பழைய டிரெக்டர் வாங்குவோர் முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இலங்கை மலைநாட்டின் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் மரக்கறி பயிரிடும் என்னைப் போன்ற சிறு விவசாயிகள், தேயிலைத் தோட்டங்கள் கழித்துவிடும் பழைய உழவு இயந்திரங்களை ஏலத்தில் எடுத்துத் திருத்தி ஓட்டி வருகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இன் நெருக்கடியில் ரூபாயின் பெறுமதியும் வீழ்ந்த பிறகு, புதிய இயந்திரம் என்பது எங்கள் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பழையதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கியவுடன் எல்லோரும் எஞ்சினை முழங்க வைப்பதிலும் சிவப்புப் பெயின்ட் அடிப்பதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பிரேக்கில் காட்டுவதில்லை. நானும் அதே தவறைச் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது மெசி பெர்குசன் 135. இங்கிலாந்தின் கவென்றி நகரில் 1964 முதல் 1975 வரை தயாரிக்கப்பட்ட இந்த வகை வண்டிகளில் மிகவும் இளையதற்கே இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். என்னுடையது தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கிலிருந்து ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிய வண்டி. கடைசி சில ஆண்டுகள் ஸ்டோருக்குப் பின்னால் மானாப்புல்லுக்குள் கிடந்தது. என் தந்தையார் வேறொரு தோட்டத்தில் கொழுந்து டிரெக்டர் சாரதியாக இருந்தவர் ஆகையால், அந்த எஞ்சின் சத்தத்தை மீண்டும் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எல்லாவற்றையும் விட முந்தி நின்றது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொறுமையான எஞ்சின். டேங்கைக் கழற்றிக் கழுவி, வடிகட்டிகளை மாற்றி, குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்றினால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். காற்றை எடுக்கும்போது முதலில் வடிகட்டி, அடுத்துப் பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் குழாய்கள் என்ற ஒழுங்கு தவறக் கூடாது. இதற்காக டீசலை ஏற்றும் கைப்பம்ப் அசையாமல் இறுகி நின்றால் அது பழுதென்று எண்ணிக் கழற்ற வேண்டாம். எஞ்சினைச் சற்றுச் சுழற்றிவிட்டால் அது தானாக இளகும். உதிரிப்பாகங்களுக்கும் பஞ்சமில்லை. சென்னையிலும் லாகூரிலும் இதே வழிவந்த வண்டிகள் தயாரிக்கப்பட்டதால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் தேவையானவற்றில் பெரும்பகுதி கிடைக்கும்.

எஞ்சின் ஓடிய மறுநாளே வெறும் டிரெயிலரைப் பூட்டிக்கொண்டு வீட்டுப் பாதையில் இறங்கினேன். இரண்டாவது முடக்கில் பிரேக் மிதித்தபோது வலது சக்கரம் மட்டும் பிடித்தது. வண்டி சுழன்று மண்மேட்டில் மோதி நின்றது. மேடு அந்தப் பக்கம் இருந்ததனால் இன்று இதை எழுதுகிறேன். மறுபக்கம் இருந்தது நாற்பது அடிப் பள்ளம். வண்டியைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக், பிரேக் நன்றாக இருக்கிறது என்று முதல்நாள் சொல்லியிருந்தார். அவரைக் குறை கூறி என்ன பயன்? சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் திறந்து பார்க்கும்படி நான் கேட்கவில்லை.

பிறகு திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. பின் அச்சின் எண்ணெய்த் தடுப்பு ரப்பரான 'ஒயில் சீல்' தேய்ந்து, எண்ணெய் கசிந்து, டிரம்மில் உராய்ந்து பிடிக்கும் பட்டையான 'லைனிங்' இடது பக்கத்தில் முழுவதும் ஊறியிருந்தது. வண்டி சரிவில் சாய்ந்தபடி நிறுத்தப்பட்டிருந்தால் அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி நிற்கும். மலைநாட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வண்டிகளில் ஒருபக்கப் பிரேக் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவது வீண் வேலை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். இரு பக்கத்துக்கும் புதிய லைனிங், இரு பக்கத்துக்கும் புதிய சீல் போட்டு, சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி இரண்டும் சமமாகப் பிடிக்கும்வரை சீர்செய்ய வேண்டும். வயலில் திருப்புவதற்காக இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக அமைந்த பிரேக் மிதிகளை, பாதையில் ஏறும் முன் கொக்கியால் ஒன்றாகப் பூட்ட வேண்டும். நான் வாங்கிய வண்டியில் அந்தக் கொக்கியே இல்லை. வாங்கவிருப்போர் முதலில் அதைத் தேடிப் பார்க்கட்டும்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. இந்த வண்டிகளில் சிலவற்றில் 'மல்டி பவர்' என்னும் கியர் வசதி உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளச் மிதிக்காமல் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வசதி அது. சமவெளியில் அது நல்லதுதான். ஆனால் அதைக் குறைந்த நிலையில் வைத்திருக்கும்போது சக்கரங்கள் எஞ்சினை முந்திச் சுதந்திரமாக உருள முடியும். அதாவது இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. குறைந்த நிலையில் இறங்குவதே பாதுகாப்பு என்று எண்ணுபவர், உண்மையில் நியூட்ரலில் இறங்குபவரின் நிலையில்தான் இருக்கிறார். இறக்கத்துக்கு முன்பே அதை உயர் நிலைக்கு மாற்றி, சாதாரண கியரில் சிறியதைத் தெரிவு செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின் கியரில் விட்டாலும் இந்த வண்டி சரிவில் உருளும் என்பதால், கை பிரேக்குடன் சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தே ஆக வேண்டும்.

ஏற்றத்தில் இன்னொரு பேராபத்து இருக்கிறது. டிரெயிலரைப் பின் அச்சின் உயரத்துக்கு மேலே கொளுவினால், சுமை இழுக்கும்போது முன்சக்கரங்கள் எழும்பி வண்டி பின்னோக்கிப் புரளக்கூடும். பெர்குசன் முறை வருவதற்கு முந்திய காலத்து இலகு டிரெக்டர்கள் கலப்பை பாறையில் சிக்கும்போது இப்படிப் புரண்டு சாரதிகளைக் கொன்றன. கலப்பையை மூன்று இடங்களில் டிரெக்டருடன் பொருத்தும், ஹரி பெர்குசன் வடிவமைத்த மும்முனை இணைப்பு உழவில் அந்த ஆபத்தைக் குறைத்தது. ஆனால் டிரெயிலர் இழுக்கும்போது அந்த இணைப்பு எங்களைக் காப்பதில்லை. தாழ்வான இழுவைக் கம்பியில் பூட்டுவது ஒன்றே வழி. கவிழ்ந்தால் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டமும் எங்கள் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. அப்படியிருக்க, டிரெயிலரில் கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகளின் மேல் பெண்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது.

கியர் பெட்டி எண்ணெயையும் மறக்கக் கூடாது. 30 லீற்றருக்கும் மேற்பட்ட அந்த எண்ணெய்தான் ஹைட்ரோலிக்கையும் இயக்குகிறது. மழையில் கிடந்த வண்டியில் கியர் கம்பியடியாக நீர் இறங்கி அது பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். செலவைப் பாராமல் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது.

என் வண்டியைச் சரிசெய்ய ஆறு மாதங்கள் சென்றன. பிரேக்குக்குச் செலவான பணம் எஞ்சினுக்குச் செலவானதைவிட அதிகம். இப்போது கிழங்கு மூட்டைகளுடன் அதே முடக்கில் இறங்கும்போது வண்டி நேராக நிற்கிறது.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய டிரெக்டர்களை ஏலத்தில் விடும்போது, எத்தனை ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது, பிரேக் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, மல்டி பவர் உள்ளதா, பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்ற நான்கு விவரங்களையும் அறிவித்தலிலேயே எழுதுங்கள். தோட்டத்து ஸ்டோரில் அந்த வண்டியைப் பராமரித்த ஃபிட்டர் இன்னும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வசிப்பாராயின், வாங்குபவர் அவரை ஒருமுறை சந்திக்க வழி செய்யுங்கள். எனக்கு அத்தகைய ஒருவர் கிடைத்தது ஏலம் முடிந்து ஐந்தாவது மாதத்தில். இடது பக்க சீல் கசிவதை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்.

இப்படிக்கு,
மரக்கறி விவசாயி,
கந்தப்பளை.